தோட்டத்து ஊரில் வழிப்பலகை வைக்கப் போகிறீர்களா?

ஆலய நிர்வாகத்திலோ பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலோ குடியிருப்பாளர் சங்கத்திலோ "ஊருக்குள் வழிகாட்டிப் பலகை வைப்போம்" என்று முடிவெடுத்து, அந்த வேலை உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலோர் முதல் நாளே பலகை அச்சடிக்கும் கடைக்குப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து அங்கே கடைசியாகப் போங்கள். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது, அதில் பாதிக்குக் காசே தேவையில்லை.

இதைக் கோல சிலாங்கூர் மாவட்டத்துப் பெஸ்தாரி ஜெயாவை மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஒரு பக்கம் சிலாங்கூர் ஆறு, சுற்றிலும் செம்பனை, இடையிடையே தாமான்கள் (வீடமைப்புக் குடியிருப்புகள்), அவற்றோடு சிலாங்கூர் பல்கலைக்கழகத்தின் வளாகம். மலேசியாவில் வணிக முறையில் செம்பனை முதன்முதலாக நடப்பட்ட தென்னமரம் தோட்டம் இங்கேதான் இருக்கிறது, நட்டது 1917இல். சுங்கை சிப்புட், பாகாவ், லாபிஸ் பக்கம் இருப்பவர்களுக்கும் நிலைமை பெரிதாக மாறாது.

தோட்டத்து ஊரில் வெளியூர்க்காரர் வழி தவறுவதற்குக் காரணம் அவர்களுடைய கவனக்குறைவு இல்லை. செம்பனை மரங்களை ஏறக்குறைய 9 மீட்டர் இடைவெளியில் முக்கோண அமைப்பில் நடுகிறார்கள். எந்தச் சந்தியில் நின்று பார்த்தாலும் ஒரே காட்சிதான். செம்மண் சடக்கு, இரண்டு பக்கமும் மட்டை, ஓர் அல்லூர் (வடிகால்). கண் பிடித்துக்கொள்ள ஓர் அடையாளம் கிடையாது. கிடைத்தாலும் நிலைக்காது. சுமார் 25 ஆண்டுக்கு ஒருமுறை மறுநடவு வரும்போது "பெரிய மரங்களைத் தாண்டி வலது பக்கம்" என்று சொன்ன வழியே இல்லாமல் போய்விடும். லயங்களை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, இடித்த பிறகு "பழைய லயத்துக்கு எதிரே" என்று சொல்லியும் பயனில்லை.

முதல் வேலை: பெயர்களை ஒழுங்கு செய்வது

என்னைக் கேட்டால் மொத்த வேலையில் பாதி இதுதான். பலகை தவறான இடத்தில் நின்றால் பிடுங்கி நகர்த்திவிடலாம். பெயர் குழம்பினால் எத்தனை பலகை நட்டாலும் குழப்பம் கூடத்தான் செய்யும்.

ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் மற்றவர்கள் தேடி வரக்கூடிய இடங்களை எழுதுங்கள்: பள்ளி, ஆலயம், கிளினிக், தோட்ட அலுவலகம், ஆலை, மண்டபம், சுடுகாடு, தாமான்கள், டிவிஷன்கள் (தோட்டத்தின் பிரிவுகள்). ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு பெயர்களைக் குறியுங்கள்: அரசாங்கப் பதிவில் உள்ள பெயர், ஊர் மக்கள் வாயில் புழங்கும் பெயர், இப்போது நிற்கும் பலகையில் உள்ள பெயர், கூகள் வரைபடமும் வேஸ் வழிகாட்டிச் செயலியும் காட்டும் பெயர். நான்கும் ஒத்துப்போகும் இடம் மிகக் குறைவாக இருப்பதைப் பார்ப்பீர்கள்.

ஊரின் பெயரிலிருந்தே இது தொடங்குகிறது. பத்தாங் பெர்ஜுந்தை என்ற ஊர் 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. பெரியவர்கள் இன்றும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள், அழைப்பிதழிலும் போடுகிறார்கள். பேராக்கில் தெலுக் ஆன்சன் 1982இலேயே தெலுக் இந்தான் ஆகிவிட்டது, ஆனாலும் பழைய பெயர் இன்னும் பேச்சில் இருக்கிறது. அதனால் பழைய பெயரை ஒழிக்க முயலாதீர்கள். ஊருக்குள் நுழையும் முதல் பலகையிலும் வரைபடத்திலும் மட்டும் அதைச் சிறிய எழுத்தில் சேருங்கள். மற்ற பலகைகளில் புதிய பெயர் ஒன்றே போதும்.

தமிழ்ப்பள்ளிகள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். நாட்டில் உள்ள ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பல தோட்டத்தில் பிறந்தவை. தோட்டம் விற்கப்பட்டோ மேம்பாட்டுக்குப் போயோ பள்ளி தாமானுக்குள் இடம் மாறியிருக்கும், பெயரில் மட்டும் 'லாடாங்' (மலாயில் தோட்டம்) என்று பழைய தோட்டம் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பெயரை நம்பித் தோட்டத்துக்குள் போய்த் தேடுகிற பெற்றோரும் பதிலி ஆசிரியர்களும் பாவம். அந்தப் பெயரில் நம் வரலாறு இருக்கிறது. அது இருக்க வேண்டும். அதோடு பள்ளி இப்போது நிற்கும் தாமானின் பெயரையும் பலகையில் சேர்த்துவிடுங்கள்.

ஆலயங்களும் அப்படித்தான். டிவிஷனுக்கு ஒரு மாரியம்மன் ஆலயம் இருக்கும் ஊரில் "ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம்" என்று மட்டும் எழுதி அம்புக்குறி போட்டால், கல்யாணத்துக்கு வந்தவர்கள் வேறு கல்யாணத்தில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். டிவிஷன் அல்லது தாமான் பெயர் கட்டாயம் வேண்டும்.

பட்டியல் தயாரானதும் ஆலயத் தலைவர், தலைமையாசிரியர், இந்திய சமூகத் தலைவர், தோட்ட அலுவலகத்தின் பெரிய கிராணி எல்லாரையும் ஒருமுறை உட்கார வைத்து, ஓர் இடத்துக்கு ஒரு பெயர், ஓர் எழுத்துக்கூட்டல் என்று முடிவு செய்யுங்கள். இந்தக் கூட்டத்தில் சத்தம் எழும். எழட்டும், பலகை நட்ட பிறகு எழுவதைவிட இது நல்லது. அன்றே யாராவது ஓர் இளைஞரை கூகள் வரைபடத்திலும் வேஸிலும் அந்தப் பெயர்களைத் திருத்தச் சொல்லுங்கள். செலவில்லாத முதல் வழிப்பலகை அதுதான்.

இரண்டாவது: தெரியாதவரோடு வழியை நடப்பது

நகரங்களை மக்கள் மனத்தில் எப்படி வரைந்துகொள்கிறார்கள் என்று ஆராய்ந்த அமெரிக்கத் திட்டமிடல் அறிஞர் கெவின் லிஞ்ச் 1960இல் ஐந்து கூறுகளைச் சொன்னார்: பாதைகள், எல்லைகள், வட்டாரங்கள், சந்திகள், அடையாளச் சின்னங்கள். உங்கள் ஊரை அந்தக் கண்ணோடு பாருங்கள். ஆறும் பெரிய அல்லூரும் எல்லை. டிவிஷனும் தாமானும் வட்டாரம். ஆலைப் புகைபோக்கி, தண்ணீர்த் தொட்டி, ஆலயக் கோபுரம், ஆலமரம் ஆகியவை அடையாளங்கள். மறுநடவு வந்தாலும் போகாத அடையாளங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். வழி சொல்லும்போதும் வரைபடம் போடும்போதும் அவைதான் உதவும்.

அப்புறம் ஊருக்கே வராத ஒருவரை அழைத்து வாருங்கள். மாப்பிள்ளை வீட்டுச் சொந்தமாக இருக்கலாம், பக்கத்து ஊர் நண்பராக இருக்கலாம். பெரிய சாலையில் இறக்கிவிட்டு, "கிளினிக்கைக் கண்டுபிடியுங்கள்" என்று சொல்லுங்கள். பின்னால் போங்கள், வாயைத் திறக்காதீர்கள். அவர் எங்கே வேகத்தைக் குறைக்கிறார், எங்கே இரண்டு பக்கமும் பார்க்கிறார், எங்கே கைப்பேசியை எடுக்கிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பலகை நிற்க வேண்டிய இடங்கள் அவைதான். உள்ளூர்க்காரர்கள் மேசையில் உட்கார்ந்து கணித்தால் இந்த இடங்களில் பாதி தவறிவிடும், ஏனென்றால் நமக்கு அங்கே சந்தேகமே வந்ததில்லை.

காரில் ஒருமுறை, மோட்டார் சைக்கிளில் ஒருமுறை, நடந்து ஒருமுறை, இருட்டில் ஒருமுறை போய்ப் பாருங்கள். மழை நாளில் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. பகலில் பளிச்சென்று தெரியும் முச்சந்தி இரவில் காணாமல் போய்விடும்.

யாருக்காக வைக்கிறோம் என்பதும் இங்கேதான் தெளிவாகும். செம்பனைக் குலை ஏற்றி ஆலைக்குப் போகும் லோரிகளுக்குத் தனி வழி இருந்தால், பெரிய சாலையிலேயே அவற்றைப் பிரித்து அனுப்பும் பலகை வேண்டும். இல்லையென்றால் அவை பள்ளி வாசலில் வந்து திரும்பும். இப்போது தோட்டத்தில் வேலை செய்கிறவர்களில் இந்தோனேசியா, வங்காளதேசம், நேபாளத்திலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர். அவர்கள் கிளினிக்கையும் அலுவலகத்தையும் தேடும்போது எழுத்தைவிடப் படம்தான் உதவும். கழிவறை, முதலுதவி போன்றவற்றுக்கு நீங்களாகப் படம் வரைய வேண்டியதில்லை. அமெரிக்கப் போக்குவரத்துத் துறைக்காக 1974இலும் 1979இலும் உருவாக்கிய 50 சின்னங்கள் உலகமெங்கும் விமான நிலையங்களில் புழங்குகின்றன. அவற்றை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.

மூன்றாவது: பலகைப் பட்டியல்

இப்போது எந்தச் சந்தியில் என்ன எழுத வேண்டும் என்று ஓர் அட்டவணை போடுங்கள். ஒவ்வொரு பலகைக்கும் ஓர் எண், நிற்கும் இடம், எந்தத் திசையிலிருந்து வருகிறவருக்கு, என்ன சொற்கள், எந்தப் பக்கம் அம்பு. இந்த அட்டவணையில் ஒரே ஒரு விதியை மட்டும் எதற்காகவும் தளர்த்தாதீர்கள்: முதல் பலகையில் ஓர் இடத்தின் பெயர் வந்துவிட்டால், அந்த இடத்தின் வாசல் வரை எல்லாச் சந்தியிலும் அதே பெயர், அதே எழுத்தில் வர வேண்டும். நடுவழியில் ஒரு சந்தியில் பெயர் விட்டுப்போனால், வருகிறவர் தான் தவறான பாதையில் இருக்கிறோம் என்று நினைத்துத் திரும்பிவிடுவார். இந்தத் தொடர்ச்சியைக் காப்பாற்ற முடியாத இடத்தை முதல் பலகையில் போடாமல் விடுவதே மேல்.

ஒரு பலகையில் நான்கு இடங்களுக்கு மேல் வேண்டாம். நேராகப் போகும் இடங்கள் மேலே, பிறகு இடது, பிறகு வலது. இடது அம்பு சொல்லுக்கு இடப்பக்கமும் வலது அம்பு சொல்லுக்கு வலப்பக்கமும் இருக்கட்டும். சந்திக்குச் சற்று முன்னால் ஒன்று, சந்தியில் ஒன்று, திரும்பிய பிறகு வழி நீளமாக இருந்தால் நடுவே "சரியாகத்தான் போகிறீர்கள்" என்று தைரியம் சொல்ல ஒன்று, வாசலில் ஒன்று. தோட்டத்துக்குள் மூன்று நான்கு கிலோமீட்டர் சந்தியே இல்லாத நேர் சடக்கு இருக்கும். அங்கே அந்த நடுப் பலகை இல்லையென்றால் இரவில் வருகிறவருக்குப் பயமே வந்துவிடும்.

நன்கொடையாளர் பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பணம் கொடுத்தவர்களின் பெயரும் பிரமுகரின் படமும் பலகையில் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்வதை எங்கும் பார்க்கிறோம். கொடுத்தவர்களுக்கு மரியாதை செய்ய வேண்டும், மறுப்பில்லை. அதை ஆலய வாசலிலோ மண்டபத்திலோ ஒரு தனிக் கல்வெட்டில் செய்யுங்கள். வழிப்பலகையில் வழி மட்டும்தான்.

நான்காவது: எழுத்து, மொழி, நிறம்

எழுத்தின் உயரத்துக்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. 10 மீட்டர் தூரத்திலிருந்து வசதியாகப் படிக்க 2.5 சென்டிமீட்டர் எழுத்து. அப்படியானால் 10 சென்டிமீட்டர் எழுத்து 40 மீட்டரில் தெரியும். மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் கார் ஒரு விநாடியில் ஏறக்குறைய 14 மீட்டர் ஓடிவிடும். ஆக ஓட்டுநருக்குக் கிடைப்பது மூன்று விநாடிகூட இல்லை. அதற்குள் இரண்டு மொழியில் மூன்று பெயரைப் படித்து முடிவெடுக்க முடியாது. பெரிய சாலையோரத்தில் 15 சென்டிமீட்டருக்குக் குறையாதீர்கள். நடந்து வருகிறவர்களுக்கான பலகைக்கு 3, 4 சென்டிமீட்டர் போதும்.

தமிழ் எழுத்துக்கு இன்னும் கொஞ்சம் பெரிதாக இடம் கொடுங்கள். 'ணை', 'ஞ', 'இ' போன்றவற்றின் உள்வளைவுகள் தடித்த எழுத்துருவில் அடைத்துக்கொண்டு தூரத்திலிருந்து வெறும் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். நடுத்தரத் தடிமன் உள்ள, அலங்காரம் இல்லாத எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். நிழல் விழும் எழுத்து, சாய்ந்த எழுத்து எல்லாம் திருவிழா பேனருக்கு இருக்கட்டும்.

தமிழ் தெரியாத அச்சுக் கடையில் நடப்பதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். நீங்கள் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்பிய சொல்லை அவர்கள் வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டும்போது கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய்விடும், புள்ளி கழன்றுவிடும். கடைக்காரருக்கு அது தெரிய வாய்ப்பில்லை. எழுத்துகளைப் படவடிவமாக மாற்றிய கோப்பாகக் கொடுங்கள். அச்சுக்கு முன் மாதிரித்தாள் வாங்கி ஒரு தமிழாசிரியரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். பிழையோடு நிற்கும் தமிழ்ப் பலகையைப் பள்ளிப் பிள்ளைகள் தினமும் பார்த்துக்கொண்டு போவார்கள் என்பதை மறக்கக் கூடாது.

பொது இடத்துப் பலகைகளில் தேசிய மொழி முதன்மையாக இருக்க வேண்டும் என்பது ஊராட்சி மன்றங்களின் விதி. மேலே மலாய், அதன் கீழே தமிழ், தேவையான இடத்தில் சீனம் என்று அமைத்தால் பிரச்சினை வராது. பல மன்றங்கள் மலாய் வாசகத்தை தேசிய மொழிக்கான அரசாங்க அமைப்பான டேவான் பஹாசா டான் புஸ்தாக்காவிடம் சரிபார்த்துக்கொண்டு வரச் சொல்லும். அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

நிறத்தைப் பொறுத்தவரை, நம் நாட்டில் நெடுஞ்சாலைக்குப் பச்சை, மற்ற சாலைகளுக்கு நீலம், சுற்றுலா இடங்களுக்குப் பழுப்பு என்று அரசாங்கப் பலகைகள் நிற்கின்றன. அவற்றைப் போலவே நீங்களும் செய்து நட்டால் அதிகாரப்பூர்வப் பலகையோடு குழம்பும். செம்பனைக்கு நடுவே பச்சைப் பலகை தெரியவும் தெரியாது. அடர்ந்த நிறப் பின்னணியில் வெள்ளை எழுத்து, ஊர் முழுவதும் ஒரே நிறம். அவ்வளவுதான்.

ஐந்தாவது: யாருடைய நிலம், யாருடைய அனுமதி

கூட்டரசு சாலை, மாநிலச் சாலை ஓரத்துக்குப் பொதுப்பணித் துறை. ஊருக்குள் உள்ள சாலைக்கு ஊராட்சி மன்றம். பெஸ்தாரி ஜெயாவுக்கு அது கோல சிலாங்கூர் நகராண்மைக் கழகம். தோட்டச் சடக்குக்குத் தோட்ட நிர்வாகம். ஒரே வழியில் மூன்று பேரின் நிலமும் வரலாம். அட்டவணையில் ஒவ்வொரு பலகைக்கும் நில உரிமையாளர் யார் என்று ஒரு பத்தி சேர்த்துவிட்டால், யாருக்கு எத்தனை கடிதம் என்பது தானே தெரிந்துவிடும். மேலாளரைப் பார்க்கப் போகும்போது வரைபடத்தோடு போங்கள். அவர்களுக்கும் லோரி ஓட்டுநர்கள் வழி தவறுவது தொல்லைதான், பெரும்பாலும் ஒத்துழைப்பார்கள். எப்போது எந்த ஃபீல்டில் மறுநடவு என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், புல்டோசர் வரும் இடத்தில் பலகை நடாமல் இருக்கலாம்.

அவசர நேரத்துக்காக

இதை ஒரு படியாக எண்ணாமல், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்துப் பாருங்கள். தோட்டத்து லயங்களில் பல வீடுகளுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதமெல்லாம் தோட்ட அலுவலகத்துக்கு வரும், அங்கிருந்து பிரித்துக் கொடுப்பார்கள். கடிதம் ஒரு நாள் தாமதமானால் பரவாயில்லை. நள்ளிரவில் நெஞ்சுவலி என்று 999க்கு அழைக்கும்போது "இரண்டாவது டிவிஷன், கடைசி லயம்" என்று சொன்னால் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் என்ன செய்வார்?

ஒவ்வொரு லயத்துக்கும் ஓர் எழுத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண், அது சாலையிலிருந்து தெரியும்படி ஒளி திருப்பும் தகட்டில். லயத்தின் இரண்டு முனையிலும் எழுத்து நிற்கட்டும். அதோடு பிளஸ் கோடு என்ற குறியீட்டையும் சேருங்கள். கூகள் வரைபடத்தில் எந்த இடத்தைத் தொட்டாலும் அதற்கான குறியீடு வரும். ஏறக்குறைய 14 மீட்டர் நீள அகலம் உள்ள ஒரு சதுரத்தை அது குறிக்கும். முகவரி இல்லாத இடத்துக்காகவே உருவாக்கியது. லயத்துக்கு ஒன்று எழுதி வைத்தால், பதற்றத்தில் அழைக்கிறவர் அதைப் படித்துச் சொன்னால் போதும். இந்த லய எழுத்துகளையும் வீட்டு எண்களையும் மாவட்ட மருத்துவமனைக்கும் தீயணைப்பு மீட்பு நிலையத்துக்கும் வரைபடமாகக் கொடுத்து வையுங்கள். வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடுகளில் உள்ளே தொலைபேசி பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள். பணம் குறைவாக இருந்து ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

வளாகங்களுக்கு

பள்ளி, கல்லூரி, பெரிய ஆலய வளாகம் ஆகியவற்றுக்கு வாசலில் ஒரு வரைபடம் வேண்டும். அதில் அதிகம் நடக்கும் தவறு, வடக்கு மேலே இருக்கும்படி அச்சடித்துவிட்டு அதை எந்தத் திசையிலும் மாட்டுவது. வரைபடத்தைப் பார்த்து நிற்கிறவருக்கு முன்னால் என்ன இருக்கிறதோ அது படத்தில் மேலே இருக்க வேண்டும். அவருடைய இடப்பக்கம் படத்திலும் இடப்பக்கம். அதனால் இரண்டு வாசலுக்கு இரண்டு வேறு வரைபடம் தேவைப்படும். "நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்" என்ற புள்ளி பெரிதாக இருக்கட்டும்.

கட்டடங்களுக்கு ஒருவருடைய பெயர் வைத்திருந்தாலும் கூடவே ஓர் எழுத்து அல்லது எண் கொடுங்கள். அறை எண்ணின் முதல் இலக்கம் மாடியைக் குறிக்கட்டும். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்குப் படியில்லாத வழி எது என்று வாசலிலேயே காட்டுங்கள். பாதி தூரம் போன பிறகு படிக்கட்டைக் கண்டால் அவர் திரும்பி வர வேண்டியிருக்கும். கட்டடங்களில் இதற்கான அளவுகளெல்லாம் எம்.எஸ். 1184 என்ற மலேசியத் தரநிலையில் இருக்கின்றன, பொறுப்பாளரிடம் அதைக் கேளுங்கள். வரைபடம் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கும் எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். நடைபாதைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பலகையின் அடிவிளிம்பு 2.1 மீட்டருக்குக் குறையாமல் இருந்தால் யாருடைய தலையிலும் இடிக்காது.

கடைசியாகக் கடைக்கு

அதற்கும் முன்னால் ஒரு சோதனை. அட்டையில் எழுதி மழைத்தாள் சுற்றி, அட்டவணைப்படி எல்லா இடத்திலும் ஒரு வாரம் கட்டி வையுங்கள். இன்னொரு வெளியூர்க்காரரை அழைத்து வந்து பழையபடி பின்னால் போங்கள். எங்கே தடுமாறினாரோ அங்கே அட்டையை நகர்த்துங்கள். இரும்புக் கம்பத்தைச் சிமெண்டில் ஊன்றிய பிறகு நகர்த்துவதைவிட இது எவ்வளவோ எளிது.

பொருளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிளைவுட் நம் மழைக்கு ஊறிப் பிளந்துவிடும், பேனர் வெயிலில் வெளுத்துவிடும். 2 அல்லது 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு, ஒளி திருப்பும் ஒட்டுத்தாள், துருப்பிடிக்காத பூச்சு உள்ள இரும்புக் குழாய். மூன்று கடையில் விலை கேளுங்கள். திருகாணி எல்லாம் ஒரே அளவில் இருக்கட்டும், ஒரு பலகை சேதமானால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம்.

நட்ட அன்றே பழைய பலகைகளையெல்லாம் பிடுங்கிவிடுங்கள். இடம் மாறிய கிளினிக்கைக் காட்டும் ஒரு பழைய அம்பு நின்றாலும் புதிய பலகைகள்மீது நம்பிக்கை போய்விடும். பிறகு ஆண்டுக்கு இருமுறை, தைப்பூசத்துக்கு முன்பும் ஆலயத் திருவிழாவுக்கு முன்பும், இளைஞர்கள் ஒரு வாளித் தண்ணீரும் கத்தியும் எடுத்துக்கொண்டு சுற்றி வரட்டும். பாசியைக் கழுவுவது, லாலான் புல்லை வெட்டுவது, மறைக்கும் மட்டையை நறுக்கச் சொல்லித் தோட்டத்துக்குத் தெரிவிப்பது, சாய்ந்ததை நிமிர்த்துவது. அட்டவணையின் ஒரு பிரதி ஆலய அலுவலகத்திலும் ஒன்று பள்ளியிலும் இருக்கட்டும். நிர்வாகம் மாறும்போது கணக்குப் புத்தகத்தோடு அதையும் புதிய செயலாளரிடம் கையெழுத்து வாங்கி ஒப்படைத்துவிடுங்கள்.